பன்னிரண்டு சதவீத ஈரம்

அது எட்டாம் நாளா, ஒன்பதாம் நாளா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஈரம் பார்க்கும் கருவி காட்டிய எண் மட்டும் நினைவிருக்கிறது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மாடியில் இருந்தது ஒரே அறை. தேக்குப் பலகைகளை அதன் நடுவில் அடுக்கி, வரிசைக்கு வரிசை இடையில் மரச்சட்டம் கொடுத்து, காற்றோட விட்டிருந்தேன்.

தரைக்குப் போடும் மரம் முதலில் அந்த வீட்டுக் காற்றில் கிடந்து பழக வேண்டும். வந்து இறங்கிய அன்று ஈரம் பதின்மூன்று சதவீதம். ஒன்பதுக்கு இறங்காமல் பதித்தால் பின்னால் சுருங்கி இடுக்கு விடும் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்.

அதுவரை மாடிக்காரருக்குப் படுக்க இடமில்லை.

கீழே அவருடைய தம்பி குடும்பம். அண்ணனும் தம்பியும் பேசி ஆறு வருடம். காரணத்தை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

லாட்ஜுக்குப் போகப் பெட்டியோடு இறங்கியவரைத் தம்பி மனைவி படியிலேயே மறித்தாள். பெட்டியைப் பிடுங்கி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

தினமும் ஈரம் பார்க்க அவர்கள் கூடத்தைக் கடந்துதான் நான் மேலே போக வேண்டும்.

முதல் மூன்று நாள் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். நாலாம் நாள் ஒரே செய்தித்தாளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆறாம் நாள் கேரம் பலகை வெளியே வந்திருந்தது. அண்ணன் அழுகுணி ஆட்டம் ஆடுகிறார் என்று தம்பி கத்தினார். அவ்வளவு சந்தோஷமான கத்தலை நான் கேட்டதில்லை.

பிறகு அந்த நாள்.

கருவியின் இரண்டு ஊசிகளையும் பலகையில் அழுத்தினேன். அண்ணன் என் பக்கத்தில் குந்தி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

ஒன்பது.

நாளைக்கே பதிக்க ஆரம்பிக்கலாம். இரண்டு நாள் வேலை. மூன்றாம் நாள் அவர் பெட்டியோடு மேலே ஏறிவிட வேண்டியதுதான்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் எண்ணைப் பார்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

கீழேயிருந்து தம்பியின் குரல் வந்தது.

“என்ன மேஸ்திரி, இவர் குறட்டைலேர்ந்து இன்னைக்காவது எனக்கு விமோசனம் உண்டா?”

அண்ணன் என்னைப் பார்த்தார். மரத்தைப் பற்றி நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை. அன்றும் எனக்கு அந்த வேலையை அவர் வைக்கவில்லை.

“பன்னெண்டுடா!” என்று கத்தினார். “சனியன் புடிச்ச மரம், காயவே மாட்டேங்குது!”



“அப்ப ராத்திரிக்கும் உங்களுக்குச் சேத்தே சமைச்சுடறேன் மாமா” என்றாள் தம்பி மனைவி.

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தோள் இரண்டும் குலுங்கின. எனக்கும் தொற்றிக்கொண்டது. பலகை அடுக்கைப் பிடித்துக்கொண்டு இருவரும் சத்தம் வராமல் சிரித்தோம்.

வாசலில் நான் செருப்பை மாட்டும்போது தம்பி பின்னாலேயே வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஒன்பது வந்துடுச்சுல்ல?”

நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

“அவருக்குப் பொய் வராது மேஸ்திரி. சின்ன வயசுலேர்ந்தே பொய் சொன்னா மட்டும்தான் இப்படிக் கத்துவார். நாளைக்கும் பன்னெண்டாவே இருக்கட்டும்.”

அந்த மரம் நாலு மாதம் பன்னிரண்டிலேயே நின்றது. அப்புறம்தான் பதித்தேன், இன்றுவரை ஓர் இடுக்கு விடவில்லை. மாடியில் இப்போது ஒரு பள்ளி ஆசிரியை வாடகைக்கு இருக்கிறார். எனக்கு முழங்கால் போய்விட்டது, குந்தும் வேலையை விட்டுவிட்டேன். தம்பி மனைவி தையல் கடை வைத்திருக்கிறாள். அண்ணன் கீழேதான் இருக்கிறார். காலையில் அவரும் தம்பியும் சேர்ந்து நடக்கப் போகிறார்கள், வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு.