பெருமாள் அலமாரி

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் தலைக்குக் குளித்துவிட்டு, தீட்டுப்படாத மடிப்புடவையோடு கூடத்துத் தூணில் சாய்ந்து நிற்கிறாள் கமலவல்லி. கணவர் கிருஷ்ணஸ்வாமி புதுத் தூக்க மாத்திரைக் குப்பியை முற்றத்து வெயிலில் தூக்கிப் பார்க்கிறார். "பழசு அளவு மீறினா மூச்சையே அமுக்கிடுமாம், டாக்டர் வாங்கி வெச்சுண்டார். இது அத்தனை ஆபத்தில்லையாம். ஆனாலும் உன் கையில குடுக்கப்படாதுன்னார்." யாரோ அடுத்த வீட்டுப் பெண்ணைப் பற்றிய பேச்சுபோல அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவர் குப்பியைப் பெருமாள் அலமாரியில், படத்துக்குப் பின்னால் வைக்கிறார். "குளிச்சு மடியா இல்லாம நீ இந்த அலமாரியைத் தொடமாட்டியோன்னோ?" "மாட்டேன்" என்கிறாள். கூந்தல் நுனியிலிருந்து நீர் சொட்டித் தரையில் பரவுகிறது. அவர் அந்த ஈரத்தையே பார்க்கிறார். பிறகு குப்பியை எடுத்துத் தம் இடுப்பில் செருகிக்கொள்கிறார்.