இருபத்து நாலாவது வயர்

"இந்த வயரை மட்டும் நான் சொருக மாட்டேன் சார்!"

நெட்வொர்க் பெட்டி மாற்ற வந்த டெக்னீஷியன் பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். பழைய பெட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டியாயிற்று. இருபத்து மூன்று வயர்களை, அவற்றில் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டைப் பார்த்துச் சொருகியாயிற்று. இருபத்து நாலாவதில் சீட்டே இல்லை.

மேலாளர் அவசரமாக முன்னால் வந்தார்.

"ஏம்மா, ஒரு வயர் சொருக இவ்வளவு ஆர்ப்பாட்டமா? மத்ததோட இதையும் மாட்டிட்டுக் கிளம்பேன்."

"இதோட மறுமுனை எதுல இருக்குன்னு தெரியணும் சார். போன மாசம் ஒருத்தர் இப்படித்தான் தெரியாத வயரைச் சொருகினார். அந்தப் பக்கம் கரன்ட் கசிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. பெட்டியும் போச்சு, அவர் விரலும் வெந்துபோச்சு."

மறுமுனை எங்கே இருக்கிறது என்று மேலாளருக்குத் தெரியாதா என்ன? அவருடைய அறை, ஃபைல் பீரோ, இரண்டாம் தட்டு. அங்கே ஒரு குட்டி டிவி. தினமும் மதியம் ஒன்றரை மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு மனுஷர் சீரியல் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். 'ஆபீசில் வீடியோ பார்த்தால் சீட்டு கிழியும்' என்று சுற்றறிக்கை விட்டவரும் இவரேதான். விஷயம் வெளியே வந்தால் மானம் கப்பலேறிவிடும்.

அவள் வயர் நுனியில் ஒரு கருவியை மாட்டினாள். பேனா மாதிரி இன்னொன்றை எடுத்துச் சுவரோரம் நீட்டினாள். அது 'கீச் கீச்' என்று கத்தியது.

"வயர் போற வழியெல்லாம் இது கத்தும் சார். பின்னாடியே போனா ஆளைப் பிடிச்சிடலாம்."

கீச் கீச் என்று கருவி முன்னே போக, அவள் பின்னே போக, மேலாளர் வேர்த்து விறுவிறுத்துப் போக, பன்னிரண்டு ஊழியர்களும் வேலையைப் போட்டுவிட்டு ஊர்வலம் சேர்ந்துகொண்டார்கள்.

சத்தம் நேராக மேலாளர் அறைப் பக்கம் திரும்பியது.

"அங்க எதுக்கு மேடம்? அது சார் ரூம். அங்க ஒண்ணும் இருக்காது" என்று டைப்பிஸ்ட் அம்மா குறுக்கே பாய்ந்தார்.

ஸ்டோர்காரர் வாசலை மறித்துக்கொண்டு நின்றுவிட்டார். "சாருக்கு மூச்சிரைப்பு மேடம். பீரோவை நகர்த்தினா தூசி கிளம்பும். அவர் உடம்புக்கு ஆகாது!"

மேலாளருக்கு மூச்சிரைப்பும் கிடையாது, ஒன்றும் கிடையாது. பத்து நிமிடம் தாமதம் என்று நேற்றுதான் இந்த ஸ்டோர்காரரை நிற்க வைத்துக் காய்ச்சியிருந்தார். தங்கமான ஜனங்கள்! இவர்களையா இத்தனை நாள் கரித்துக் கொட்டினோம் என்று மனசு இளகிப்போயிற்று.

"விடுங்கப்பா" என்றார் தழுதழுத்து. "எனக்காக யாரும் பொய் சொல்ல வேண்டாம். தப்பு என் மேலதான்."

பீரோவைத் தானே திறந்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

யாரும் சிரிக்கவில்லை. பன்னிரண்டு பேரும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

டெக்னீஷியன் பெண் டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "நம்ம வயர் இந்தச் சின்னப் பெட்டிக்கு வருது. இதுலேர்ந்து உங்க டிவிக்கு ஒரு வயர் போகுது. சரி. இன்னொரு வயர் சுவர் ஓட்டை வழியா அந்தப் பக்கம் போகுதே, அது என்ன சார்?"

அந்தப் பக்கம் ஊழியர்கள் சாப்பிடும் அறை. அவள் விடுவிடுவென்று போய் அங்கிருந்த அறிவிப்புப் பலகையைத் தள்ளினாள். பின்னால் சுவரில் ஒரு டிவி. மேலாளருடையதைவிட மூன்று மடங்கு பெரியது. எதிரே வரிசையாகப் பன்னிரண்டு நாற்காலிகள்.

மேலாளர் மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

டைப்பிஸ்ட் அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டே சொன்னார்: "மன்னிச்சிடுங்க சார்... நீங்க போட்டாத்தான் எங்களுக்கும் ஓடும். இனிமேலாவது லீவு போடாதீங்க சார், கதையே விட்டுப்போயிடுது!"