தலைவருக்கு ஒரு பிள்ளை

“பொறுப்பாளர்ங்கிற எடத்துல எம் பேரை எழுதுங்க டீச்சர். தாய்மாமன் மலையாண்டி.”

தலைமை ஆசிரியை ராதாமணி பேனாவை மூடி வைத்தாள்.

எதிரே பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் மலையாண்டி. அவர் கையைப் பிடித்துக்கொண்டு எட்டு வயது செல்லத்தாய். பின்னால், உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான் சிறுமியின் அப்பா முத்திருளன். மலையாண்டியின் தங்கை புருஷன்.

இந்தச் செல்லத்தாய்க்காகப் போன வருஷம் நாலு முறை முத்திருளன் வீட்டுக்கு நடந்திருக்கிறாள் ராதாமணி. மதுரையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள், இதற்காகச் சாயங்கால பஸ்ஸைக்கூட விட்டிருக்கிறாள். ‘அப்ப ஆட்டை யாரு மேய்க்கிறது’ என்ற ஒரே கேள்வியில் அவளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான் அவன்.

“இப்ப மட்டும் எப்படி மனசு வந்தது முத்திருளன்?”

“என்ன செய்யிறது டீச்சர். மச்சான் மகன் அஞ்சாப்பு முடிச்சு மேலூருக்குப் படிக்கப் போயிட்டான். ஊர்ல குடியிருக்கணும், அவுக பொறுப்புல ஒரு பிள்ளை இங்க படிக்கணும், அப்பத்தான் தலைவரா நிக்க முடியும்னு ரூல்ஸ் இருக்காம்ல.”

“அதுக்காக?”

“எம் மகளை மடியில வச்சுக் காது குத்துனவரு டீச்சர். அவரு பதவியை நாங்களே கெடுத்தா, நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுல அவரு முகத்துல முழிக்க முடியுமா?”

“ஒரு நாளும் லீவு போடக் கூடாது மாப்ள,” என்றார் மலையாண்டி. “பிள்ளை வரலைன்னா பதவி போயிரும்.”

ராதாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படிப்புக்காகக் கேட்டபோது அசையாதவன், பதவிக்காகக் கேட்டதும் மகளைக் கொண்டுவந்து நிறுத்துகிறான். கேட்டவருக்கும் கொஞ்சமும் கூச்சமில்லை. எப்படியோ, பிள்ளை உள்ளே வந்தால் சரி. பேனாவைத் திறந்து எழுதினாள்.

அன்றிலிருந்து முத்திருளனைப் பார்த்துப் பள்ளிக்கூடமே சிரித்தது. முதல் மணி அடிப்பதற்குள் மகளைக் கூட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்துவிடுவான். ஒரு நாள் நல்ல மழை. கோணிச்சாக்கைப் போர்த்தி அவளைத் தூக்கிக்கொண்டே வந்தான்.

“பிள்ளை வந்துருச்சுன்னு நோட்டுல எழுதிட்டீகளா டீச்சர்? மச்சான் பதவிக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல?”

எழுதியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஆட்டுக்குப் போனான். இப்போது அவனே மேய்த்தான்.

புரட்டாசியில் தேர்தல். வந்திருந்தது ஒரே ஒரு மனு, மலையாண்டியுடையது. ஆனாலும் விதியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற பழக்கம் ராதாமணிக்கு இல்லை. பழைய பீரோவைக் குடைந்தாள். முன்பிருந்த தலைமை ஆசிரியர் எந்தக் காகிதத்தையும் எறிந்தவரும் இல்லை, அடுக்கியவரும் இல்லை. அடித்தட்டில், 1980-ல் வந்த ஒரு சுற்றறிக்கை அகப்பட்டது.

படித்தவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

தலைவருக்குப் பிள்ளை படிக்க வேண்டும் என்ற விதியை மூன்று வருஷத்துக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். ஊரில் குடியிருந்தால் போதும்.

இது வெளியே தெரிந்தால்? மலையாண்டிக்கு மருமகள் தேவைப்பட மாட்டாள். முத்திருளனுக்கும் மச்சானைப் பற்றிய பயம் போய்விடும். மறுநாளே செல்லத்தாய் கையில் ஆட்டுக்கம்பு.

இருபது வருஷ சர்வீஸில் ராதாமணி ஒரு காகிதத்தையும் மறைத்ததில்லை. மறைக்கிறவர்களோடு முகம் கொடுத்துப் பேசியதும் இல்லை. வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டாள். தாளைச் சுருட்டி, மூலையில் நின்ற உலகப் படச் சுருளுக்குள் செருகினாள். இந்த மனிதரின் பதவி ஆசைக்குத் தானும் துணை போகிறோமே என்று வருத்தமாகவும் இருந்தது.

போட்டியில்லாமல் மலையாண்டியே மறுபடி தலைவரானார். மாலை போட்டவர்கள் கலைந்ததும் அவள் மேசைக்கு வந்தார்.

“டீச்சர், ஒரு உதவி செய்யணும்.”

பதவி கிடைத்த பிறகும் இந்த மனிதருக்கு இன்னும் என்ன வேண்டுமாம்?

“சொல்லுங்க,” என்றாள் விறைப்பாக.

“அந்தப் பழைய பீரோவுல எண்பதாம் வருசத்துச் சுற்றறிக்கை ஒண்ணு கெடக்கும். பிள்ளை படிக்கணும்ங்கிற ரூல்ஸை எடுத்துட்டதா போட்டிருக்கும். பின்பக்கம் பாருங்க, ‘படித்தேன்’னு நாந்தான் கையெழுத்துப் போட்டிருப்பேன்.”

ராதாமணி உலகப் படத்தைப் பார்த்தாள். பிறகு மலையாண்டியைப் பார்த்தாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அதைக் கண்ணுல படாத எடத்துல ஒளிச்சு வச்சிருங்க டீச்சர். எம் மருமக எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பிச்சுட்டா. அவ அப்பனுக்குப் படிச்சுக் காட்டிரப் போறா.”