நாற்பத்தோராம் பக்கம்

பேராசிரியர் நாற்பத்தோராம் பக்கத்தைப் புரட்டியதும் மாணவி தையல்கடையின் வாசல் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

தையல்காரம்மா தலை நிமிராமல் பள்ளிச் சீருடை ஒன்றுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். தைத்தபடியே நாற்பது பக்கங்களையும் கேட்டு முடித்திருந்தார்.

ஒரே ஒரு ஆளின் வாழ்க்கையை வைத்து மாணவி எழுதிய உளவியல் ஆய்வு. அந்த ஆளே காதால் கேட்டுச் சரியென்று சொன்னால்தான் கையெழுத்து என்று பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அந்த ஆள் தையல்காரம்மாதான். பிறந்த பதினோராம் நாள் பிள்ளையைப் பறிகொடுத்தவர். எட்டு மாதம், வாரம் ஒருநாள், இந்தக் கடையில் உட்கார்ந்து அவர் சொன்னதையெல்லாம் மாணவி எழுதிக்கொண்டாள்.

சொல்லாததையும்.

பேராசிரியர் நிறுத்தி நிதானமாக வாசித்தார். "ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கடைக்குப் போய், போன வருடத்தைவிட ஒரு அளவு பெரிய சட்டை வாங்குகிறார். விலைச்சீட்டைக்கூடப் பிய்ப்பதில்லை. அலமாரியில் பழைய புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைக்கிறார். வீட்டில் யாருக்கும் தெரியாது."

மற்றப் பக்கங்களை நாலைந்து தடவை அடித்துத் திருத்தியவள், இந்த ஒரு பத்தியை மட்டும் ஒரே மூச்சில் எழுதியிருந்தாள்.

"இந்த ஒரு இடம் போதும்மா, உன் ஆய்வு நிக்கும்" என்று அவளிடம் சொன்ன பேராசிரியர், தையல்காரம்மா பக்கம் திரும்பினார். "சரிதானேம்மா?"

மிஷின் நின்றது.

தையல்காரம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக மாணவியைப் பார்த்தார். அவள் தரையில் சிதறிக் கிடந்த நூல் துண்டுகளைப் பார்த்தாள். அந்தத் தரை பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

"ஆமா சார். எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கு."

துணி வெட்டும் மேசைமேல் வைத்தே பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். காரில் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

மாணவி அவர் பின்னால் போகவில்லை.

"அக்கா, நான்..."

"தையக்காரி போய்க் கடையில சட்டை வாங்குவாளா, கண்ணு?"

குரலில் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

பிள்ளைக்கென்று தைத்து வைத்த துணிகளை என்ன செய்தீர்கள் என்று எட்டு மாதத்தில் ஒருமுறைகூட இவரிடம் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கேட்கவே தோன்றவில்லை. பதில் தெரியும் என்று நினைத்திருந்தாள்.

வெளியே ஹாரன் அடித்தது. முகம் எரிய, கையெழுத்தான தாள்களை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி நின்றாள்.

தையல்காரம்மா எழுந்து வந்து, ஸ்டூல் ஒன்றை அவள் பக்கமாக இழுத்துப் போட்டார்.

"உக்காரு. உன் பிள்ளைக்கு இப்ப என்ன வயசு இருக்கும்?"