நாலாவது வார்த்தை

முதியோர் இல்லத்தில் எங்கள் மறதி ஆராய்ச்சி மிக எளிது. மூன்று வார்த்தைகள் சொல்வோம். கொஞ்சம் கழித்துத் திருப்பிக் கேட்போம். தப்பாகச் சொன்னவரைக் கதவு பூட்டிய மேல்மாடிக்கு அனுப்புவோம். இதற்குத்தான் நான் முனைவர் பட்டம் வாங்கினேன். ஒரு கிளியைப் பழக்கியிருந்தால் இன்னும் கனிவாகக் கேட்டிருக்கும்.

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த பெரியவரிடம், "சாவி, குடை, ரயில்" என்றேன்.

கேட்டபோது அவர், "சாவி, குடை, ரயில், குண்டூசி" என்றார்.

குண்டூசி, என் உடம்பைப் பார்த்து அம்மா வைத்த பெயர். அவள் போனபின் அப்படிக் கூப்பிட ஆளில்லை. நான் யாரிடமும் சொன்னதுமில்லை.

"நாலாவதை யார் சொன்னாங்க ஐயா?"

"நீங்கதான் தம்பி. குரல் மட்டும் பொம்பளைக் குரலா இருந்துச்சு."

உலகத்து மூளையெல்லாம் தன் தலைக்குள் இருப்பதாக நம்பும் தலைமை மருத்துவர் பக்கத்தில் நின்று சிரித்தார். "கேஸ் முத்திடுச்சு. மேல அனுப்புய்யா."

"மேல ஜன்னலே இல்லீங்களே டாக்டர்" என்றார் பெரியவர்.

"அப்போ சரியா எப்படிச் சொல்றதுன்னு என்னைப் பாத்துக் கத்துக்குங்க. யோவ், அதே வார்த்தைகளை எனக்குச் சொல்லிக் கேளு."

என் வாய்மேல் எனக்கே சந்தேகம். இந்தத் தடவை எண்ணி மூன்றுதான் சொன்னேன்.

சற்றுப் பொறுத்து மருத்துவர் விரல்களை மடக்கினார். "சாவி, குடை, ரயில், குண்டூசி. மூணும் சரி. பார்த்தீங்களா?"

நான்கு விரல்கள் மடங்கியிருந்தன.

"டாக்டருக்கு மேல்மாடியில எந்த ரூமு தம்பி?" என்றார் பெரியவர்.

இருவருக்கும் முழு மதிப்பெண் போட்டேன். அடுத்த அறையில் மூன்று வார்த்தைகளை மெதுவாகச் சொல்லிவிட்டு, நாலாவதற்குக் கொஞ்சம் இடம்விட்டுக் காத்திருந்தேன்.