காது கிழிந்த பூனை

கப்பலில் ஏற்றிய கொப்பரையை எலிகள் தின்றுவிட்டதால், வழக்கு துறைமுக மன்றத்துக்கு வந்தது. அந்தக் காலத்துக் கடல் சட்டப்படி, கப்பலில் பூனை இருந்திருந்தால் கேப்டன்மேல் குற்றமில்லை. இல்லையென்றால் கப்பலை விற்றாவது நஷ்டத்தைக் கட்ட வேண்டும்.

கேப்டன் நீர்நாய் பூனையே வைத்ததில்லை. கப்பல் போனால் தன் குடும்பமும் தெருவில்தான் என்று பயந்து, அந்தக் கப்பலிலேயே வளை வைத்திருந்த ஒரு கிழட்டு எலி சாட்சி சொல்லப் போனது.

“பூனை இருந்ததா?” என்று நீதிபதி ஆமை கேட்டது.

“கடல்மேல் சத்தியமாக இருந்தது ஐயா. கறுப்புப் பூனை, இடது காது கிழிந்திருக்கும். மூட்டைக்குப் பின்னால் படுத்திருந்தால் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. என் தம்பியை அதுதான் கொண்டுபோனது.”

சொல்லும்போதே எலியின் குரல் உடைந்தது. ஆமை கண்ணைத் துடைத்துக்கொண்டு கேப்டனை விடுவித்தது.

கப்பல் மறுபடி கிளம்பியது. பசி வந்ததும் மூட்டைப் பக்கம் இரை தேடப் போக எலி தன் மனைவியைக் கூப்பிட்டது.

“நான் வரமாட்டேன். பூனை இருக்கிறது என்று சத்தியம் பண்ணினீர்களே.”

“அடி பைத்தியமே, அது மன்றத்துக்காகச் சொன்னது. பூனையும் இல்லை, ஒன்றும் இல்லை.”

“அப்படியென்றால் நீங்கள் முதலில் போங்கள்.”

எலி வளையிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தது. மூட்டைக்குப் பின்னால் ஒரே இருட்டு. மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.