பாரபட்சம் பார்க்காதவர்

கரெண்ட் கொடுத்ததும் கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க் சுழலப் பார்த்தது. டக் டக் என்று உள்ளே ஏதோ தட்டியது. பிறகு அடங்கிவிட்டது.

“கேட்டீங்களா? செத்துப் போச்சு. மச்சினன் விக்கிற கம்பெனின்னு நான் மறைக்க மாட்டேன்.”

கேமராவை அவன் இன்னும் ஓடவிடவில்லை. சும்மா சொல்லிப் பார்த்தான். திருப்தி வராமல் தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தரம் சொன்னான்.

கதவோரம் நின்று மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தச் சத்தத்தைக் காலையில் முதலில் கேட்டவள் அவள்தான்.

எந்தக் கம்பெனி டிஸ்க் எத்தனை நாள் தாங்குகிறது என்று ஓடவிட்டுப் பார்த்து வீடியோ போடுவதுதான் அவன் பிழைப்பு. அலமாரியில் வரிசையாக டிஸ்க்குகள் இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கும். ஓடும்போது தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

பாழாய்ப்போன தூசி அவள் கண்ணை உறுத்தியது. ஒன்றைத் தூக்கித் துடைத்தாள். ஒயர் துணியில் மாட்டி, கை நழுவி, டிஸ்க் தரையில் விழுந்தது. உள்ளே டக் டக் என்று தட்டி அடங்கியது. எடுத்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இத்தனை கம்பெனி இருக்க, அவள் கை போனது அவள் தம்பி விற்கும் கம்பெனி டிஸ்க் மேல்தானா!

அவன் ஒன்றை நல்லது என்று சொன்னால் கடைகளில் அது தீர்ந்துபோகும். மோசம் என்றால் விற்பவர் ஈ ஓட்ட வேண்டியதுதான். கண்ணை மூடிக்கொண்டு எடு என்று அவன் சொன்னதை நம்பித்தான் தம்பி இருந்த வேலையை உதறிவிட்டு அந்தக் கம்பெனி ஏஜென்சியை எடுத்தான். கடை முழுக்க, போதாததற்குக் கட்டிலுக்கு அடியிலும், அதே பெட்டிகள்.

அன்று பிடித்தது வினை. மச்சினன் கடைக்கு மாமா விளம்பரம் என்று வீடியோவுக்குக் கீழே கேலி செய்ய ஆரம்பித்தார்கள். சாப்பாடு ஆறிப்போவதுகூடத் தெரியாமல் அவன் அதையே படித்துக்கொண்டிருப்பான். வருஷக்கணக்கில் சம்பாதித்த நல்ல பேர் அல்லவா, அவளுக்கும் பாவமாகத்தான் இருந்தது.

ஆனால் இன்றைக்கு என்னவோ சீட்டியடித்துக்கொண்டே குளித்தான். இன்று ஒரு முக்கியமான வீடியோ என்று காலையிலேயே அறிவித்தும் விட்டான்.

போன் அதிர்ந்தது. தம்பி.

“அக்கா, மாமா வீடியோ போடப்போறாராமே? நம்ம கம்பெனி பத்தியா?”

குரலில் அத்தனை சந்தோஷம். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

உள்ளே போனாள். வெளியே வந்தாள். கழுவிய டம்ளரையே எடுத்து மறுபடி கழுவினாள். கூடத்தில் வீடியோ விளக்கு ஸ்டாண்டை இழுத்து நிறுத்தும் சத்தம் கேட்டது.

சொன்னால் திட்டுவான். திட்டட்டும். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசமாட்டான், அதுவும் போகட்டும். தப்பு கம்பெனி மேல் இல்லை என்று தெரிந்துவிட்டால் வீடியோவை நிறுத்திவிடுவான். அந்த விஷயத்தில் நியாயஸ்தன். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

ஈரக் கையோடு அவன் முன்னால் போய் நின்றாள்.

“என்னங்க, அது தானா சாகல. காலையில நான்தான் கீழ போட்டுட்டேன்.”

அவன் ஏறிட்டுப் பார்க்கவில்லை. டிஸ்க்கை எடுத்துக் கேமராவுக்கு நேராகப் பிடித்தான். விழுந்த வேகத்தில் பிளந்துபோயிருந்த மூலையின் மேல், அவன் சேனலின் வட்ட ஸ்டிக்கர் சுருக்கமில்லாமல் ஒட்டப்பட்டிருந்தது.

“தெரியும். கொஞ்சம் தள்ளி நில்லு, வெளிச்சத்தை மறைக்கிற.”